குடைமிளகாய் குடில் குறிப்புகள்: இலை எந்தப் பக்கம் மடங்குகிறது?

பிப்ரவரி 12

ஓசூர்ப் பக்கம் பகல் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வலை கட்டிய குடிலுக்குள் குடைமிளகாய்ச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூவும் பிஞ்சுமாக நிற்கின்றன. வாசல் பக்கத்து வரிசையில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டார்: "தம்பி, கொழுந்தெல்லாம் சுருட்டிக்கிச்சு, வந்து பாரு."

இலை ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல மடங்கியிருந்தன. அடிப்பக்கம் வெள்ளி பூசினதுபோலக் கீறல்கள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துப் பூவைத் தட்டினால், மஞ்சளாக மெல்லிய பூச்சிகள் ஓடின. இலைப்பேன். நாங்கள் கட்டியிருக்கும் 40 மெஷ் வலை (அங்குலத்துக்கு 40 கண்) வெள்ளை ஈயைத் தடுக்கும், இலைப்பேன் அதற்குள் நுழைந்துவிடும்.

இந்தச் சுருட்டலைப் பார்த்ததும் வைரஸ் என்று செடியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. கையில் கிடைத்த மருந்தை அடிக்கிறவர்களும் உண்டு. தாளில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிப்ரவரி 14

நீல ஒட்டுப்பொறிகளைச் செடியின் நுனி உயரத்துக்குக் கட்டினோம். வெள்ளை ஈக்கு மஞ்சள், இலைப்பேனுக்கு நீலம். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்தணும்.

வாசல் பக்கத்து வரிசைகளுக்கு மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தோம். ஒரு தடவையோடு இது முடியாது. முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கிறது, கூட்டுப்புழு மண்ணில் கிடக்கிறது. இரண்டுக்கும் மருந்து எட்டாது. அதனால் வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 23

மேற்கு மூலையில் வேறு மாதிரி. இங்கே இலைகள் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, கொழுந்து தடித்துக் கரடுமுரடாக இருக்கிறது. தட்டினால் தாளில் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ் வைத்து இலையின் அடியில் பார்த்தால் மஞ்சள் சிலந்தி, அதாவது இலைச்சாறு உறிஞ்சும் மைட். வெறும் கண்ணுக்கு அகப்படாத அளவு.

மருந்துக் கடையில் இமிடாகுளோபிரிட் எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். அது சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது. சிலந்தி பூச்சி இனமே இல்லை, அதற்கு எட்டுக் கால். அந்த மருந்து சிலந்தியைக் கொல்லாது, சில இடங்களில் பெருகவும் வைத்துவிடும்.

மேற்கு மூலைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால். 32 டிகிரிக்கு மேல் போனால் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். வாசல் பக்கம் வேப்பெண்ணெய் அடித்த வரிசைகளில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் தொடக்கூடாது. அங்கே சிலந்தி பரவினால் ஸ்பைரோமெசிஃபென் என்ற சிலந்திக்கொல்லிதான்.

மார்ச் 4

அடி இலைகளில் மேலே மஞ்சள் திட்டு, திருப்பினால் வெள்ளை மாவு. சாம்பல் நோய். குடைமிளகாயில் இந்தப் பூஞ்சாணம் இலைக்கு உள்ளேயே வளர்வதால் வெள்ளை தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மேலே மஞ்சள் தட்டும்போதே கவனிப்பதுதான் ஒரே வழி.

நோய் பட்ட இலைகளைப் பறித்துப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தோம். அடிப்பக்கக் கிளைகளைக் கொஞ்சம் கழித்துக் காற்றோட்டம் கொடுத்தாச்சு. பக்கத் திரையைக் காலையிலேயே ஏற்றிவிடுகிறோம். சொட்டுநீரை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினோம், ராத்திரி ஈரப்பதம் குறையும்.

மார்ச் 12

அறுவடை ஆரம்பம். இனி மருந்து அடித்தால், லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் காய் பறிக்க முடியாது. பறிப்பு அடிக்கடி வரும்போது ரசாயனம் அடிக்க இடைவெளியே கிடைக்காது. அதனால் இலைப்பேனுக்கு பிவேரியா பாசியானாவுக்கு வந்துவிட்டோம். அது உயிருள்ள பூஞ்சாணம், வெயிலில் செத்துப்போகும், ஈரப்பதத்தில்தான் வேலை செய்யும். மாலை மங்கின பிறகு அடிக்கிறோம். பூஞ்சாணக் கொல்லியோடு அதைக் கலக்கக் கூடாது என்று அடிக்கிறவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 19

நீலப் பொறியில் புதிதாக ஒட்டுவது தெளிவாகக் குறைந்திருக்கிறது. மேற்கு மூலையில் புதுக் கொழுந்து நேராக வருகிறது. அந்த வரிசைக்கு இந்த வாரம் மருந்து இல்லை.

நடுப்பாத்தியில் சில செடிகள் மதியத்தில் வாடி, மாலையில் தேறுகின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் முழுக்க முடிச்சு, மண்ணிலிருந்து வேருக்குள் புகும் நூற்புழு. இந்தப் பயிருக்கு இனிப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பயிர் முடிந்ததும் அந்தப் பாத்தியில் செண்டுமல்லி போட்டு, அடுத்த கோடையில் ஈர மண்மேல் தெளிந்த பாலித்தீன் மூடி வெயிலில் வேக வைக்கணும். வாடும் செடிகளில் அக்கா சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருக்கிறார், அந்த இடத்தில் கொத்தும் மண்வெட்டியைக் கழுவாமல் வேறு பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக.