லேப் ஸ்டீல் கிடார், நான்காவது மாதம்: அடிக்க வருகிறது, நிறுத்த வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காமல் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது. வாசிக்கும்போது என் காதுக்கு நல்ல மோகனமாக இருந்தது. பதிவிலோ, யாரோ தகர டிரம்மைத் தரையில் இழுத்துக்கொண்டு போக, அதற்குப் பின்னால் எங்கேயோ மோகனம் கேட்கிறது. நான்கு மாதம், தினமும் முக்கால் மணி நேரம், அதற்கு இதுதான் பலன். அன்றைக்குக் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மறுநாள் காலை காபிக்கு முன்னால் திறந்தும்விட்டேன், அது வேறு விஷயம்.

முதலில் என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லேப் ஸ்டீல் என்பது மடியில் படுக்க வைத்து, கம்பிகள் மேல் உருக்குத் தண்டை வழுக்கி வாசிக்கிற கிடார். என்னிடம் இருப்பது நிஜமான லேப் ஸ்டீல் இல்லை. பத்து வருடமாகப் பரணில் கிடந்த அக்கூஸ்டிக் கிடார், அதன் நட்டின் (கழுத்து முனையில் கம்பிகள் ஏறி உட்காருகிற கட்டை) மேல் கம்பிகளை உயர்த்த ஒரு இரும்பு எக்ஸ்டெண்டர், டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று ஓபன் டி சுருதி. இந்தச் சுருதியில் ஒரு கம்பியைக்கூட மேலே ஏற்ற வேண்டியதில்லை, எல்லாம் இறக்குவதுதான், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கும். இதன் அருமை எனக்கு முதலில் தெரியவில்லை. எல்லோரும் புகழ்கிறார்களே என்று எடுத்த எடுப்பில் சி சிக்ஸ்த் என்கிற இன்னொரு சுருதி வைக்கப் போய், நாலாவது கம்பியை டி-யிலிருந்து ஜி வரை முறுக்கினேன். ஐந்து அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை முக்கால் பங்குக்கும் மேல் கூடும் என்பதைக் கம்பியே அறுந்து புறங்கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. மூன்று நாள் தழும்பு.

சரி, தண்டுக்கு வருகிறேன். இடது கையில் பிடிக்கிற ஸ்டீல் பாரைத்தான் சொல்கிறேன். இணையத்தில் ஆர்டர் போட்டேன், வந்தது விரலில் மாட்டுகிற கண்ணாடிக் குழாய். திருப்பி அனுப்பினேன், மறுபடியும் அதே கண்ணாடிக் குழாய். மூன்றாம் முறை கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு உருக்குத் துண்டுக்கு எவனிடமோ கெஞ்சுவதா என்று நேராக வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற லேத் பட்டறைக்குப் போனேன். 304 ஸ்டெயின்லெஸ், 19 மில்லிமீட்டர் விட்டம், 80 நீளம், ஒரு முனை தோட்டா மாதிரி உருண்டை, மறு முனையில் கட்டைவிரல் பதிய லேசாகக் குழிவு. "இது எதுல மாட்டறதுங்க?" என்றார் அண்ணா. எதிலும் மாட்டுவதில்லை, கையில் பிடித்து வாசிப்பது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அரிசி எடை போடுகிற டிஜிட்டல் தராசில் வைத்துக் காட்டினார். 170 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக்கொடுக்கச் சொன்னார்.

பார்வைக்குப் பளபள என்றிருந்த அந்தத் தண்டை நம்பித்தான் முதல் மாதம் முழுக்க வீணானது. லேத் கருவி விட்ட கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் குறுக்கே கீறினால் தெரியும். சுற்றுக் கம்பிகள் (மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகள்) மேல் அதை இழுத்தால் அரம் ராவுகிற மாதிரி கிர்ர் என்கிறது. 400, 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தொட்டு இரண்டு மாலை தேய்த்து, கடைசியில் பித்தளைக்குப் போடுகிற பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தேன். இதில் ஒரு நுணுக்கம். கடைசிச் சுற்றைத் தண்டின் நீளவாக்கில் தேய்க்கக் கூடாது, சுற்றுவாக்கில்தான் தேய்க்க வேண்டும், அப்போதுதான் மிச்சமிருக்கும் கோடுகள் கம்பி ஓடுகிற திசையிலேயே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தாள் 2000 வீணானது.

ஆக, கிர்ர் பாதி போனது. மிச்சச் சத்தம் தண்டில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் பத்துத் தடவை போட்டுக் கேட்ட பிறகுதான் புரிந்தது. மூன்று வகைச் சத்தம் இருக்கிறது. தண்டுக்குப் பின்னால், நட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற கம்பித் துண்டு தனியாக முனகுவது ஒன்று. அதற்கு மோதிர விரலையும் சுண்டுவிரலையும் தண்டுக்குப் பின்னால் கம்பிகள் மேல் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டே போக வேண்டும். இது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது, இப்போது யோசிக்காமலே விரல் படுத்துக்கொள்கிறது. இரண்டாவது, தண்டைத் தூக்கும் நேரத்தில் டங் என்று திறந்த கம்பி ஒலிப்பது. தூக்குவதற்கு முன் வலது கையால் அமுக்கினால் போதும்.

மூன்றாவதுதான் என் உயிரை வாங்குகிறது. ஒரு கம்பியை அடித்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போகும்போது முதல் கம்பி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கிடாரில் இடது விரலை எடுத்தால் சுரம் செத்துவிடும். இங்கே தண்டு ஆறு கம்பி மேலும் கிடக்கிறது, எதுவும் தானாகச் சாகாது. தண்டு நகர்ந்தால் பழைய கம்பியும் கூடவே ஊளையிட்டுக்கொண்டு நகரும். ஆக, வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தைக் கம்பிகள் மேல் வைத்துக் கொல்ல வேண்டும், அதுவும் அடுத்த அடிக்கு ஒரு நொடித் துளி முன்னால், அடிக்கிற அதே கணத்தில் கையைத் தூக்கியாகவும் வேண்டும். உள்ளங்கை கீழே, விரல் அடி, உள்ளங்கை மேலே. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பதினோரு நாளாக நான் செய்வது இது மட்டும்தான். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டு. முதல் தட்டில் அடி, இரண்டாவதில் உள்ளங்கையால் கொல், மூன்றாவதில் மௌனமாகத் தண்டை நகர்த்து, நாலாவதில் ஒன்றுமே செய்யாதே. அந்த நாலாவது தட்டுதான் பரீட்சை. அதில் ஏதாவது கேட்டால் திரும்ப முதலிலிருந்து. ராகம் இல்லை, பாட்டு இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் "கெட்டுப் போச்சாண்ணா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான். 60-இல் சுத்தமாக வருகிறது. 66-இல் பத்துக்கு ஏழு. 72 போட்டால் பழையபடி தகர டிரம். உள்ளங்கைக்குப் பதில் பிக் (கம்பியை மீட்ட விரலில் மாட்டுகிற உலோகத் துண்டு) போட்ட விரலையே கம்பியில் திரும்ப வைத்து அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் பார்த்தேன், இரும்பு பிக் கம்பியைத் தொடும்போது டிக் என்று ஒரு நாலாவது சத்தம் பிறந்ததுதான் மிச்சம். எனக்கு அது வேண்டாம்.

சுருதி விஷயத்தில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். டியூனர் முள்ளைப் பார்த்து வாசிப்பதை இரண்டாம் மாதமே விட்டுவிட்டு, தம்புரா செயலியில் இரண்டு கட்டை வைத்துக்கொண்டேன், அதுதானே டி. தண்டு ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் பதித்த மெட்டுக்கு, நேர் மேலே நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், கம்பி பலகையை விட்டு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. தம்புரா ஏமாற்றாது, விலகினால் அலை அடிக்கும். இன்னொன்று, மூன்றாவது கம்பியின் எஃப் ஷார்ப்பை டியூனர் சொல்கிற இடத்திலிருந்து கிட்டத்தட்ட 14 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) இறக்கி வைத்தேன். அட, தம்புராவுக்குள்ளேயே கேட்கிற அந்தர காந்தாரம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. தண்டை ஐந்தில் வைத்தாலும் ஏழில் வைத்தாலும் மொத்தக் கம்பியும் ஒரே குரலில் பேசுகிறது. சுருதி சேரும்வரை தண்டை ஆட்டி அதிர்வு கொடுப்பதில்லை என்றும் வைத்திருக்கிறேன். ஆட்டினால் எல்லாத் தப்பும் மறைந்துவிடுகிறது, எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது.

அம்மா இதைப் பார்த்த முதல் நாளே "கோட்டுவாத்தியமா?" என்றார். தப்பில்லை. அதுவும் படுக்க வைத்து, மெட்டு இல்லாமல், உருளையை வழுக்கி வாசிப்பதுதான். ஆனால் இந்த வாத்தியத்தின் கதை ஹவாயில் தொடங்குகிறது. ஓவாஹு தீவின் லாயியே கிராமத்தில் 1874-இல் பிறந்த ஜோசஃப் கெக்குக்கு, பள்ளியில் படித்த காலத்தில் சீப்பு, கத்தி என்று எதையெதையோ கம்பி மேல் வைத்துப் பார்த்து, கடைசியில் பள்ளிப் பட்டறையிலேயே உருக்குத் தண்டு செய்துகொண்டார் என்று சொல்வார்கள். லேத் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவரும் நம்மாளுதானுங்க" என்றார்.

இந்த 72-ஐத் தாண்டாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். ஆனால் சி சிக்ஸ்த் கம்பிகள் ஆர்டர் போட்டாயிற்று. காரணம் இருக்கிறது. ஓபன் டி-யில் தண்டு எங்கே உட்கார்ந்தாலும் மேஜர்தான், மைனர் வேண்டுமென்றால் அந்த மூன்றாவது கம்பியைத் தவிர்த்து ஏமாற்ற வேண்டும். சி சிக்ஸ்த்தின் ஆறு கம்பியோ சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஒரு கட்டையில், அதாவது சி-யைச் ச-வாக வைத்து, பாடிப் பாருங்கள்: ச, க, ப, த, ச, க. ரிஷபம் ஒன்றைத் தவிர மோகனம் முழுக்கச் சும்மாவே தொங்குகிறது. இது தெரிந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கம்பிகளை இந்த அக்கூஸ்டிக்கில் போட்டால் 25 அங்குலச் சொச்ச நீளத்துக்கு இழுவை அதிகம், கம்பிகளின் மறு முனையைத் தாங்குகிற பாலம் பெயர்ந்து வந்துவிடும் என்று பயம். அதனால் பலகை ஒன்று வாங்கி நானே லேப் ஸ்டீல் செய்யப்போகிறேன். ரிக்கன்பேக்கர் 1930களில் விட்ட அலுமினிய "வாணலி" கிடாரின் கம்பி நீளம், 22.5 அங்குலம், மில்லிமீட்டரில் 571.5. முதல் ஃப்ரெட்டுக்கான கோடு நட்டிலிருந்து 32.1-இல், பன்னிரண்டாவது 285.75-இல். ஃப்ரெட் அடிக்க வேண்டாம், கோடு போட்டால் போதும், தச்சு வேலை தெரியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும். பூவரசம் பலகை ஒன்று மாமா வீட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் எதைப் போடுவது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நேற்று ராத்திரி 66-இல் பத்துக்கு எட்டு.