ஈரத் துணியில் முளைத்த கடலை

ஆனி மாதக் கடைசியில், பெருந்துறைப் பக்கம் பண்ணையம் பார்க்கும் என் மாமா, விதைக் கடலைப் பருப்பு இரண்டு கிலோவை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு, நான் பணிபுரியும் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். "ஈரத் துணியில நூறு பருப்பு முடிஞ்சு வெச்சுப் பார்த்துட்டேன் கண்ணு, எம்பத்தேழு மொளச்சிருச்சு. ஆடிக்கு வெதைக்கோணும், நீ ஒரு சீட்டு மட்டும் குடு போதும்" என்றார். பத்து நாள் கழித்து நான் கொடுத்த சீட்டில் முளைப்புத்திறன் 60 விழுக்காடு என்று இருந்தது. நிலக்கடலை விதைக்குக் குறைந்தது 70 வேண்டும். அவர் முகம் வாடிவிட்டது.

அவர் எண்ணியதும் சரி, நாங்கள் எண்ணியதும் சரி. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வேர் நுனி வெள்ளையாக வெளியே தெரிந்ததும் விதை முளைத்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறோம். ஆய்வகத்தில் அது போதாது. நல்லது கெட்டது என்று பொறுக்காமல் 400 விதைகளை எண்ணி எடுத்து, கழுவிச் சூடேற்றி நுண்ணுயிர் நீக்கிய மணல் நிரம்பிய நான்கு தட்டுகளில் நூறு நூறாக ஊன்றி, 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கிறோம். ஐந்தாம் நாள் முதல் கணக்கு, பத்தாம் நாள் இறுதிக் கணக்கு. ஒவ்வொரு நாற்றையும் பிடுங்கி நீரில் அலசி, முதல் வேர், தண்டு, வித்திலை, குருத்து ஆகிய எல்லாம் குறையின்றி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, அது மண்ணில் செடியாக நிற்கக்கூடிய இயல்பான நாற்று என்று எழுதுவோம். சீட்டில் வரும் விழுக்காடு அந்த நாற்றுகளை மட்டுமே குறிக்கும்.

மாமாவின் விதைக்கு நான்கு தட்டுகளிலும் 61, 57, 63, 59 என்று கிடைத்தன, சராசரி 60. இயல்பற்ற நாற்றுகள் 27, செத்த விதைகள் 13. அறுபதையும் இருபத்தேழையும் கூட்டினால் அவருடைய எண்பத்தேழு வந்துவிடுகிறது.

அந்த இருபத்தேழில் சிலவற்றை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஒன்றில் முதல் வேர் அரை அங்குலம் ஓடி, நுனி கருகி, குச்சி ஒடிந்ததுபோல் நின்றுவிட்டது. இன்னொன்றில் இரண்டு பருப்பும் பருத்து விரிந்திருந்தன. நடுவே குருத்து இல்லை. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மிசின்ல ஒடச்சது கண்ணு" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். நெல்லுக்கு உமி காவல். உரித்த கடலைக்கு மெல்லிய தோல் மட்டுமே. முளைவேரோ பருப்பின் மூக்கில், அடி விழுந்தால் முதலில் படும் இடத்தில் இருக்கிறது. ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மாமாவின் விதையில் 6தான் இருந்தது. சேமிப்புக்கு அது நல்லதே என்றாலும், அவ்வளவு காய்ந்த பருப்பு இயந்திரத்தில் எளிதாக விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சைக்கு அதுவே வாசல். குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு 90 என்றிருக்கும்போது கடலைக்கு 70 போதும் என்று வைத்திருப்பதற்கு இந்த மென்மையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு குறையும் இருந்தது. அவர் கொண்டுவந்த பருப்பு ஒரே மூட்டையின் மேல்வாயிலிருந்து அள்ளியது. மாதிரி சரியில்லாவிட்டால் நாங்கள் எவ்வளவு கருத்தாகச் சோதித்தாலும் அந்தச் சீட்டு அந்த ஒரு கைப்பிடியைப் பற்றித்தான் பேசும், குவியலைப் பற்றிப் பேசாது. எல்லா மூட்டையிலும் மேலே, நடுவே, அடியே என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, பாதி பாதியாகப் பகிர்ந்து குறைத்து வருவதே முறை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

உரிக்காத காய் வீட்டில் இன்னும் எட்டு மூட்டை இருந்தது. எல்லாவற்றிலிருந்தும் காய் எடுத்து, அத்தை கையாலேயே உரித்துக் கொடுத்த பருப்பை இரண்டாம் முறை சோதித்தோம். ஏழாம் நாள் மழை இறங்கிவிட்டது. "ஈரம் போயிருமே, இப்பவே சொல்லக் கூடாதா?" என்று மாமா தொலைபேசியில் கேட்டார். மண்ணுக்கு மேலே தலை காட்டிய நாற்றுகளை எண்ணிச் சொல்லியிருக்கலாம்தான்; வேரைப் பார்க்காமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் நாள் 78 வந்தது.

அன்று மாலையே திண்ணையில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து காய் உரிக்கத் தொடங்கினார்கள். விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை நானே வாங்கிக்கொண்டு போனேன். மிசினில் உடைத்த பருப்பு முழுவதையும் மாமா செக்குக்கு அனுப்பிவிட்டார்.