எட்டு சதவீதத்துக்குப் பின்னால் ஒரு கட்சி

2019 அக்டோபரில் ஜப்பானில் நுகர்வு வரி 8 சதவீதத்திலிருந்து 10 ஆனது. உணவுப் பொருளுக்கும் சந்தா செய்தித்தாளுக்கும் மட்டும் பழைய 8. டோக்கியோவில் ஓர் உணவு மொத்த வியாபார நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ‘மட்டும்’தான் வேலை. ஒரே பெந்தோ சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போனால் 8, கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. சமையலுக்கு ஊற்றும் மிரின் என்ற இனிப்புத் திரவத்தில் மதுச்சத்து இருந்தால் 10, மிரின் சுவையூட்டி என்றால் 8. யார் கொடுத்த யோசனை இது என்று நான் புலம்பியபோது, கணக்குப் பிரிவின் மூத்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எங்கள் கட்சிதான்” என்றார். ரசீதுகளை இரண்டு விகிதமாகப் பிரித்து அதிகம் அவதிப்பட்டதும் அவரேதான்.

அவர் சொன்னது கொமெய்தோவை. அந்த அலுவலகத்தில் மதத்தையும் ஓட்டையும் பற்றி வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அவர். சோகா கக்காய் உறுப்பினர். நிச்சிரென் பௌத்த வழியில் வந்த அந்த இல்லறத்தார் அமைப்பை 1930-இல் தொடங்கிய மகிகுச்சி, தோடா இருவருமே பள்ளி ஆசிரியர்கள். போர்க்காலத்தில் அரசு திணித்த ஷின்டோ வழிபாட்டை ஏற்காததால் இருவரும் சிறைக்குப் போனார்கள். மகிகுச்சி 1944-இல் சிறையிலேயே இறந்தார். 1964-இல் மூன்றாவது தலைவர் இகெதா கட்சியைத் தொடங்கினார். 1970-இல் கண்டனம் வலுத்ததும் கட்சியும் அமைப்பும் தனித்தனி என்று அறிவித்தார்கள். காகிதத்தில் சரி. தேர்தல் வேலை மட்டும் பிரிந்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் வந்தால் அந்த அம்மாவுக்கு மதிய இடைவேளை போதாது. பழைய பள்ளித் தோழிகள், முன்பிருந்த தெருக்காரர்கள் என்று ஒவ்வொருவராக அழைப்பார். இப்படி வெளியாரிடம் கேட்டு வாங்குவதற்கு ‘எஃப் ஓட்டு’ என்று பெயர், நண்பர் ஓட்டு. கீழவைத் தேர்தலில் ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று விகிதாசார முறையில் கட்சிக்கு. 1999-இல் எல்டிபி என்ற லிபரல் ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி வைத்த பிறகு, ‘தொகுதியில் எல்டிபிக்கு, விகிதாசாரத்தில் எங்களுக்கு’ என்று கேட்க வேண்டியதாயிற்று. முதல் பாதியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

2020-இல் கொரோனா உதவித்தொகையை வருமானம் குறைந்த வீடுகளுக்கு மட்டும் தருவதாக இருந்தார்கள். கொமெய்தோ தலைவர் யமகுச்சி பிரதமர் அபேயை நெருக்கியதில் ஆளுக்கு ஒரு லட்சம் யென் என்று மாறியது. என் கணக்கிலும் விழுந்தது. கட்சியின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்ததற்கு அதுவும் காரணம்.

ஆனால் உறுப்பினர்களுக்கு வயதாகிறது. 2005-இல் சுமார் 90 லட்சமாக இருந்த விகிதாசார ஓட்டு, 2024-இல் 60 லட்சத்துக்கும் கீழே போனது. கட்சித் தலைவர் இஷீயே தோற்றார். எல்டிபியின் கணக்கில் வராத பண விவகாரத்துக்கு இவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள். 2025 அக்டோபரில், 26 ஆண்டு உறவை முறித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “இனி அவர்களுக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம்” என்றார். அப்புறம் என் நிரந்தர வசிப்புரிமை என்னவாயிற்று என்று விசாரித்தார். அந்த உரிமை உள்ள வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டு வேண்டும் என்று பலமுறை மசோதா கொண்டுவந்த கட்சி அவருடையது. ஒன்றும் நிறைவேறவில்லை. அவருக்கென்ன, பட்டியலில் என் பெயரையும் இப்போதே எழுதி வைத்திருப்பார்.