உண்ணிச்செடிய வெட்ட யாரு காசு குடுக்கறது?

முதுமலை காட்டோரம் மசினகுடி பக்கம் பிப்ரவரில போனா ரோட்டோரம் ஆளு உசரத்துக்கு உண்ணிச்செடி, அதான் காடெல்லாம் பரவுற லண்டானா புதர், காஞ்சு நிக்கும், கைய வச்சாலே சடசடன்னு ஒடியும், கீழ புல்லுல பத்துற தீ அத புடிச்சுதான் மரத்துக்கே ஏறுது. வெட்டணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா தேக்கு மாதிரி வித்து காசாக்க முடியாது, கூலி முழுசும் கைக்காசு, வேரோட புடுங்கலன்னா மழைக்கு திரும்ப தழைச்சிரும், மறுபடி கூலி.

கூடலூர் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர் பழங்குடி ஜனங்க இந்த குச்சிய வேகவச்சு பட்டை உரிச்சு வளைச்சு நெஜ சைஸ்ல யானை செஞ்சாங்க, 2021ல லண்டன் பார்க்குல நின்னுச்சு. அவ்ளோ பெருமையா இருந்துச்சு எனக்கு! ஆனா காட்டுல கெடக்குற அளவுக்கு யானை செஞ்சு மாளாது. தீ வந்தப்புறம் செலவு பண்றத முன்னாடியே வெட்டுறதுக்கு வருசா வருசம் ஒதுக்குங்க, அந்த கூலி அங்க இருக்குற ஜனங்களுக்கே போகட்டும்.