முப்பதாம் தெருவின் பழைய தேவாலயமும் என் பின்னறையும்

நியூயார்க்கில், கிழக்கு 30ஆம் தெருவில் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அதை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டது. உயர்ந்த கூரை, மரத்தரை. 1959ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆகிய மூன்று ஜாஸ் தட்டுகளும் அங்கே பதிவாயின. ஜாஸ் கேட்க ஆசைப்பட்டு யார் வந்தாலும் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்த மூன்றைத்தான். 1981இல் அந்தக் கூடத்தை மூடினார்கள். பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இன்று அந்த அறையைக் கேட்க வேண்டுமானால் இந்தத் தட்டுகளில்தான் கேட்க வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதனங்களை நான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதெல்லாம் அதற்காகத்தான்: அங்கே இருந்த அறை, இங்கே என் அறைக்குள் வர வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஒரு ஃபேஸ் வரவில்லையா என்பதை மீட்டரை எடுப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான்கைந்து நண்பர்கள் என் வீட்டுப் பின்னறையில் கூடுகிறோம். அவர்களில் ஒருவர் மிருதங்க ஆசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தட்டு. ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் பேசுவதில்லை. முடிந்ததும் பேச்சை நிறுத்த முடிவதில்லை.

என்னிடம் இருக்கும் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துடையது). எட்கர் வில்ச்சர் என்பவர் வடிவமைத்து 1961இல் வெளிவந்த மாடலின் வழித்தோன்றல். தட்டு சுழலும் பீடமும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே சட்டத்தில் இணைந்து, மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்குகின்றன. மோட்டார் தனியே மேல்பலகையில் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பெல்ட் மட்டும். மோட்டாரின் அதிர்வு ஊசிக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட எளிமையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தொழில்காரனாகச் சொல்கிறேன், அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்த மனிதர்மீது பெரிய மரியாதை வந்தது.

ஆனால் அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நொடிக்கு 60 சுழற்சி. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. வோல்ட்டேஜ் பெரிய காரியமில்லை, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றிவிட்டேன். சுழற்சிதான் சிக்கல். இது சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரத்தின் சுழற்சியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 60இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு, 50இல் 27.8 சுற்றுதான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். அதாவது சாதாரண காந்தாரம் கேட்க வேண்டிய இடத்தில் ஷட்ஜம் கேட்கும். மைல்ஸின் டிரம்பெட் அப்போது வேறு ஏதோ வாத்தியமாகிவிடும்.

இதற்கு வழி பெரிய புல்லி. 60ஐ 50ஆல் வகுத்தால் 1.2 வருகிறது. பலரும் புல்லியின் குறுக்களவை 1.2ஆல் பெருக்கி லேத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.6 என்றால், இழுப்பது 10.6ஆக இருக்கும், அதை 1.2ஆல் பெருக்கினால் 12.72, பெல்ட்டைக் கழித்தால் 12.12. இந்தப் புல்லியை 12 என்று கடைந்தால் தட்டு கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மெதுவாக ஓடும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றலாம். அது ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தம்புரா போட்டுப் பாடுகிறவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு என்று சொல்வார்கள். கடைந்து மாட்டியபின் ஸ்ட்ரோப் அட்டையை வைத்துச் சரிபார்க்கலாம். 50 சுழற்சி விளக்கொளியில் 180 கோடுகள் உள்ள வளையம் அசையாமல் நின்றால் 33⅓ சரி. அமெரிக்க அட்டையில் 216 கோடுகள் இருக்கும், அது இங்கே உதவாது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் பக்கம், அதாவது 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'புளூ இன் கிரீன்' மூன்றும், மார்ச் 2ஆம் தேதி பதிவானவை. அன்று ஓடிய டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓடவிட்டுத் தட்டு தயாரித்தபோது எல்லாம் சற்று வேகமாகவும் சுருதி ஏறியும் வந்துவிட்டது. ஏப்ரல் 22ஆம் தேதி பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. கூடவே ஓடிய வேறொரு எந்திரத்தின் டேப்பை எடுத்து இதைத் திருத்தியது 1990களில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அதைச் சுருதி ஏறிய நிலையில் கேட்டு நேசித்திருக்கிறது. நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன். திருத்திய பதிப்பில் பால் சேம்பர்ஸின் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கொஞ்சம் கனமாக, அவசரமில்லாமல் நடக்கிறது. வாங்குகிறவர்கள் திருத்திய பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

'சோ வாட்' எங்கள் அறையில் எப்போதும் விவாதத்தைக் கிளப்பும். அதன் அடிப்படை கரகரப்பிரியாவின் ஏழு சுரங்கள். 16 பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) டி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது, 8 பார் மொத்தமாக அரைச்சுரம் ஏறி ஈ-ஃபிளாட்டுக்குப் போகிறது, மறுபடி 8 பார் டி-க்கு இறங்குகிறது. மிருதங்க ஆசிரியருக்கு அந்த ஏற்றம் பிடிக்காது. ஷட்ஜத்தை நடுவில் நகர்த்தலாமா என்பார். எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பு சிலிர்க்கும். அவர் மயங்குவது 'டைம் அவுட்'டில். பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை; கண்ட சாபுவின் தக தகிடவைத் திருப்பிப் போட்டதுபோல் தகிட தக என்று போகும். அதே தட்டில் 'புளூ ராண்டோ' ஒன்பது: தக தக தக தகிட. இஸ்தான்புல் தெருக்கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. ஜோ மொரெல்லோவின் டிரம்ஸைக் கேட்டு ஆசிரியரின் விரல்கள் தொடையில் ஓடும்போது, மற்றவர்கள் ஸ்பீக்கரை விட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி அறை. என் பின்னறை 12 அடிக்கு 10 அடி, சுற்றிலும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். கனமான சுவர், தாழ்ந்த சுரங்களை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவில் அரை அலை சரியாகப் பொருந்தும் சுரம் வீங்கிவிடும். பத்தடி அகலத்துக்கு அது சுமார் 57 சுழற்சி, பன்னிரண்டடி நீளத்துக்குச் சுமார் 47. டபுள் பேஸின் ஏ தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் 55. அதனால் பேஸ்காரர் அந்தத் தந்தியைத் தொடும்போதெல்லாம் என் அறை கூடவே ஊளையிடும். மூலையில் இருந்த இரும்பு பீரோவின் கதவும் சேர்ந்து அதிரும். பீரோவை முன்னறைக்கு அனுப்பினேன். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்கினேன். பின்பக்க மூலைகள் இரண்டிலும் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தேன். தரையில் பவானி ஜமக்காளம் இரண்டு மடிப்பு. அது பேஸுக்கு உதவாது, ஆனால் சிம்பலின் சிலுசிலுப்பு எதிரொலிப்பதைக் குறைக்கிறது. உட்காரும் நாற்காலிகள் பின்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு நல்ல ஸ்பீக்கர் கேபிளுக்குக்கூடக் காணாது. புதிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பணத்தை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியையும் மெத்தையையும் நகர்த்திப் பாருங்கள் என்று யாரிடமும் துணிந்து சொல்வேன்.

இன்னொன்று ஹம், ஸ்பீக்கரில் கேட்கும் மின்சார ரீங்காரம். ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் 50 சுழற்சி அதில் ஏறிக்கொள்ளும். அது பேஸின் ஜி சுரத்துக்கு (49) மிக அருகில் இருப்பதால் மெல்லிய இசையில் ஒரு வேண்டாத சுருதிப்பெட்டி ஓடுகிற மாதிரி இருக்கும். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் கட்டாயம் இணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை நான்கடி தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கோடையில் கஷ்டம்தான், ஆனால் பில் எவன்ஸைக் கேட்கும்போது மட்டுமாவது.

ஏனென்றால் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யில் இசையோடு சேர்ந்து ஓர் அறையும் இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறை கிளப்பில் பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷன் டிரம்ஸ் என மூவரும் மதியமும் மாலையுமாக ஐந்து முறை வாசித்தார்கள். அந்த ஒரே நாளிலிருந்து வந்தவைதான் இதுவும் 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்டு'ம். கண்ணாடிக் கோப்பைகள் இடிபடுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், சிலர் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்கிறார்கள். லஃபாரோ தாளத்துக்குக் கீழே நடக்காமல், பியானோவோடு சரிக்குச் சரி உரையாடுகிறார். பேஸை மேல்சுரங்களில் அப்படிப் பாடவைத்தவர் அவருக்கு முன் அதிகம் பேர் இல்லை. பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. பின்னறை சரியாக அமைந்த பிறகு இந்தத் தட்டைப் போட்டபோது, அந்தப் பேச்சுக்குரல்கள் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், தள்ளித் தள்ளி, தனித்தனி மேசைகளில் இருந்து வந்தன. வங்கி அலுவலர் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு ஸ்பீக்கர்களில் தனித்தனியாக ஒலிக்கும் ஸ்டீரியோ இல்லாவிட்டால் அறை கேட்காது என்று நினைக்க வேண்டாம். சோனி ராலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலாசஸ்' 1956இல் பதிவானது, ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோ. பதிவு செய்தவர் ரூடி வேன் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், தன் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில்தான் அப்போது ஒலிப்பதிவு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வீட்டின் வரவேற்பறையில் மேக்ஸ் ரோச் டிரம்ஸ் வாசித்திருக்கிறார்! 'செயின்ட் தாமஸ்' தொடங்கும்போது தனியாக வருவது அவர்தான், கரீபியன் கலிப்ஸோ நடையில். மோனோ தட்டுக்கு ஒரே ஸ்பீக்கர் போதும். நாற்காலிகளை அதற்கு எதிரே அரைவட்டமாகப் போட்டுக்கொண்டால், நடுவில் யார் உட்காருவது என்ற போட்டியும் இல்லை. புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்: இரண்டு மட்டமான ஸ்பீக்கர்களுக்குப் பதில் நல்லதாக ஒன்று வாங்குங்கள், 1957க்கு முந்தைய ஜாஸ் முழுவதும் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

ஆடியோ பிரியர்கள் பலர் சாதனத்தைச் சோதிக்க 'ஜாஸ் அட் தி பான்ஷாப்' போடுவார்கள். 1976இல் ஸ்டாக்ஹோமில் பதிவான அருமையான ஒலி. ஆனால் மீண்டும் கேட்க வேண்டும் என்ற பசியை அது எனக்குத் தருவதில்லை. ஒலிக்காக மட்டும் ஒரு தட்டை வைத்திருக்க என் அலமாரியில் இடமில்லை.

ஹார்ப் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' அப்படியில்லை. 1971இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி லாங் ஐலண்டின் டிக்ஸ் ஹில்ஸில், கணவர் ஜான் கோல்ட்ரேனோடு அவர் வாழ்ந்த வீட்டிலேயே பதிவானது. தம்புரா முதலில் வருகிறது. அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிறகு ஹார்ப், பிறகு ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோன். தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் எங்கள் செட்டிபாளையத்துக்காரர். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமி. இந்தத் தட்டை ஒலிக்கவிட்டு, இவர் நம் பக்கத்து ஊரில் பிறந்தவர் என்று சொன்னபோது, அதுவரை ஜாஸ் என்றாலே எழுந்து போய்விடும் என் அப்பா உட்கார்ந்து கேட்டார். முதல் பக்கம் முடிந்ததும், மறுபக்கத்தைப் போடு என்றார்.

அமெரிக்காவிலிருந்து வந்த டர்ன்டேபிள் யார் வீட்டிலாவது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், புல்லியின் குறுக்களவையும் பெல்ட்டின் தடிமனையும் வெர்னியரில் அளந்துகொண்டு வாருங்கள். பக்கத்து லேத் பட்டறையில் கடைந்துவிடலாம். உங்களுக்குப் பிடித்த தட்டு ஒன்றையும் எடுத்து வாருங்கள்.