குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

எமர்ஜென்சி டூட்டிக்குப் புதிதாக வரும் தங்கச்சிகளிடம் நான் முதலில் சொல்வது, மானிட்டரைப் பார்க்கும் முன் மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள் என்றுதான். நினைவில்லாமல் கிடப்பவருக்குக் குறட்டை வந்தால் அது தூக்கமில்லை, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. கொளகொளவென்று கேட்டால் சளியோ ரத்தமோ வாந்தியோ நிற்கிறது. உடனே சக்ஷன் போட்டு, அதாவது குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு 10, 15 நொடிக்குள்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பூச்சிமருந்து குடித்தவர்களைக் கொண்டுவரும்போது இந்தச் சத்தம் வாசலிலேயே கேட்கும். நான்குவழிச் சாலை விபத்து என்றால் வேறு கணக்கு. கழுத்தில் அடி இருக்கலாம், தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தூக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஆம்பு பை, வாய் மூக்கு மேல் மாஸ்க்கை வைத்துக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற பை. பெரியவர்களுக்கான பை ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும். ஒரு மூச்சுக்குத் தேவை 500, 600 மில்லிதான். நாடி இருப்பவருக்கு 6 நொடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக ஏறினால் போதும். பதற்றத்தில் ஆட்டோ ஹாரன் மாதிரி அமுக்கித் தள்ளினால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், அது நுரையீரலில் இறங்கும். மாஸ்க் ஒரு கைக்கு அடங்கவில்லையா, கூச்சப்படாமல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்க, மற்றவர் அமுக்கட்டும்.

கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதுவதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். (நீங்களும் எழுதியிருப்பீர்கள், தெரியும்.) ஆக்சிஜன் அளவு இறங்கும் முன்பே மூச்சு வேகம் கூடியிருக்கும். ஒரு நிமிடம் முழுசாக நின்று எண்ணுங்கள் தாயே. திரும்ப எண்ணச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.