வெள்ளை மட்டும் வேண்டாம்

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் ஓர் ஓவியக் கண்காட்சி. ஆளுக்கொரு நிறம், அந்த நிறம் என்றதும் மனசில் வருவதை வரையுங்கள் என்றார்கள். எங்கள் பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் நிறைய ஆண்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைதான், நானும் இருபது வருசமாகச் சாரத்தில் நிற்கிறவன், அதனால் என் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். (2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் கேம்ப்தான்.) சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வெள்ளை.

மஞ்சள் கிடைத்த ஈரோட்டு அக்கா மஞ்சள் கிழங்கை அரைத்தே கோலம் மாதிரி இழுத்திருந்தார். அதே மஞ்சளுக்கு ஒரு தறிக்காரர் வரைந்தது வெறும் கடுதாசி; தொழில் நொடித்து மஞ்சக் கடுதாசி கொடுத்த கதை, இந்தப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருப்பூர்ப் பையன் சிவப்புக்கு நொய்யலை வரைந்திருந்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவன் அப்பாவுக்கு வேலை போனதாம், ஆறும் சிவப்பு, வீட்டுக் கணக்கும் சிவப்பு என்றான்.

எனக்கு வெள்ளை என்றால் பள்ளிக்கூடம். இலங்கையில் பெண்பிள்ளைகளுக்கு முழு வெள்ளைச் சீருடை, எங்களுக்கு வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. ஞாயிற்றுக்கிழமை அம்மா நீலம் போட்டு அலசிக் கிணற்றடிக் கொடியில் போடுவார். 1990இல் மன்னாரில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிவு முடிந்து இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது, மாற்றுடுப்பு என்று இருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான். கொடியை அப்படியே வரைந்து வைத்தேன்.

ஓர் ஆத்தா வெகுநேரம் நின்று பார்த்தார். "ஏன் கண்ணு, ஒரே ஊட்ல இத்தன வெள்ளச் சீலையா?" அவர் கட்டியிருந்ததும் அதுதான். கொங்கில் புருசன் போன அந்தக் காலத்துப் பெண்களுக்கு வெள்ளைச் சீலை என்பது எனக்குத் தெரியாததா, எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். வரைகிறபோது உறைக்கவில்லை.

"பள்ளிக்கூட உடுப்புங்க ஆத்தா."

"பசங்களுக்குப் போயி வெள்ளையா? புழுதி அப்பாது?"

அம்மாவும் இதையே சொல்லித்தான் திட்டிக்கொண்டு தோய்ப்பார். நான் பெயிண்டர் என்று தெரிந்ததும் ஆத்தா, தைக்கு முன்னாடி ஊட்டுக்கு அடிக்கோணும், வர்றயா என்றார். என்ன கலருங்க என்று கேட்டேன்.

"வெள்ளை மட்டும் வேண்டாஞ் சாமி."

வருகிற ஞாயிறு ஷேடு கார்டோடு போகிறேன்.